முகடு ஏறாத வீடு

தோஹா
19.10.2007

அன்பு மகள் ஸம்றாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குப் பெருநாளன்றும் ஸ்டோரில் வேலைதான். உம்மாவின் கால் வீக்கம் எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லு.

உன் சாதாரண தர ரிசல்ட்டைக் கேம்பில் எல்லோருக்கும் சொன்னேன். நிந்தவூர்ப் பொடியன் ஒருவன் எங்களோடு எலக்ட்ரீசியனாக இருக்கிறான். ஐந்து நேரமும் தொழுவான், சிகரெட் பழக்கம் இல்லை. அவன்கூடச் சந்தோஷப்பட்டான்.

உயர்தரம் படிக்க விருப்பம் என்று எழுதியிருந்தாய். படி. ஆனால் ஒரு கதையை இப்போதே முடிவாகச் சொல்லிவிடுகிறேன். வயல் பக்கத்து வளவில் உனக்கென்று கட்டுகிற வீடு முடியும் வரைக்கும்தான் படிப்பு. கூரை முகடு ஏறியதும் நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். வந்த கையோடு உன் கலியாணம். வீடு முடிந்த பெண்பிள்ளையை நம் ஊரில் யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. மூத்தவள், உன் ராத்தா சுல்பிகாவுக்கும் அப்படித்தான் செய்தோம்.

மேசன் அழகரெத்தினம் ஒழுங்காக வருகிறாரா? சீமெந்தை யார் எண்ணி எடுக்கிறது? உன் நளீம் மாமா நல்ல மனிதர்தான், உங்கள் இருவருக்கும் தன் வீட்டில் அறை தந்து வைத்திருக்கிறார். அதற்காகச் சாமான் விடயத்தில் நான் ஒருவரையும் நம்புவதில்லை. ஸ்டோர் பார்த்தே முடி நரைத்தவன் நான், ஓர் ஆணி குறைந்தாலும் எனக்கு மூக்கில் மணக்கும். உம்மாவுக்கு எழுத்து வராது. ஆகவே வீட்டு வேலை எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை நீயே எனக்கு உள்ளபடி எழுது.

உங்கள் இருவரையும் அல்லாஹ்விடம் பாரம் சாட்டிய,
வாப்பா காலிதீன்


மருதமுனை
22.11.2007

அன்புள்ள வாப்பாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உம்மாவின் கால் பரவாயில்லை. “வாப்பாக்கிட்டச் சொல்லு, கால் வத்திட்டு, மனம்தான் வீங்கிக் கிடக்கு” என்று எழுதச் சொன்னா. எழுதிவிட்டேன், இனி அது உங்கள் பாடு.

நான் புவியியல், அரசறிவியல், இஸ்லாமிய நாகரிகம் எடுத்திருக்கிறேன். எண்பது வீதம் வரவு இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தால் பரீட்சைக்கு விண்ணப்பிக்க ஏலாது என்று வகுப்பு சேர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் இந்த அடைமழைக்கும் நான் லீவு எடுக்கவில்லை. சப்பாத்து ஊறிப் பிய்ந்துவிட்டது. அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு போகிறேன்.

வீட்டில் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டது. பிறகு மாரி பிடித்துக்கொண்டது. ஆற்று மண் ஏற்றப் பெர்மிட்டும் கிடைக்கவில்லை. மழை விட்டால்தான் இனி வேலை.

இன்னொரு விடயம். போனில் வீட்டுக் கதை கதைக்காதீர்கள் வாப்பா. மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். மாமியும் பக்கத்து வீட்டு ஆட்களும் சுற்றி நிற்கிறார்கள். மரம், ஓடு என்று நீங்கள் சொல்லச் சொல்ல ஊர் முழுக்கக் கேட்கிறது. கண்ணூறு ஒரு பக்கம், களவு ஒரு பக்கம். போனில் சுகம் விசாரியுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியதை எனக்கு எழுதுங்கள்.

உங்கள் சுகமான வரவுக்கு துஆச் செய்யும்,
மகள் ஸம்றா

நிந்தவூர்க்காரரைப் பற்றி எனக்கு ஏன் எழுதினீர்கள்? அவ்வளவு பெரிய கேம்பில் சிகரெட் குடிக்காதவர் அவர் ஒருவர்தானா?


தோஹா
04.04.2008

அன்பு மகள் ஸம்றாவுக்கு ஸலாம்.

போனில் வீட்டுக் கதை வேண்டாம் என்று எழுதினாயே, அது சரியான புத்தி. எனக்கு அது தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. வாசித்த அன்றிலிருந்து நான் போனில் ஓடு என்ற சொல்லையே எடுக்கவில்லை. நளீம் மச்சான் தானாகக் கதை எடுத்தாலும், “அதெல்லாம் கடிதத்தில” என்று வெட்டிவிடுகிறேன்.

ஆனால் மாரி முடிந்து எவ்வளவு காலம்? இன்னுமா மண் கிடைக்கவில்லை? என் ஸ்டோருக்கு முன்னால் போன வருடம் வெறும் மணல்வெளி கிடந்தது. இப்போது அதிலே இருபது தட்டில் கட்டடம் எழும்பி நிற்கிறது. மருதமுனையில் ஓர் ஓட்டு வீடு எழும்ப மாட்டேன் என்கிறதா? எனக்கு அந்த மேசன் மேல் சந்தேகம். அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கும், நம் வேலையைத் தொங்கலில் விட்டுவிட்டார். ஓட்டுக்கும் மரத்துக்கும் மாமாவிடம் காசு அனுப்பிவிட்டேன். வந்து இறங்கியதும் எழுது.

நீ சனிக்கிழமையும் கல்முனைக்குப் போகிறாயாம். உம்மா போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டா. என்ன கிளாஸ் அது? யார் சேர்? கூட யார் வருகிறா? எனக்கு ஏன் எழுதவில்லை?

என் வரவைப் பற்றி இப்போது கேட்க வேண்டாம். முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது, வேறு குறை இல்லை. நிந்தவூர்ப் பொடியன் எண்ணெய் கொண்டுவந்து தந்தான்.

எந்நேரமும் உங்கள் நினைவில்,
வாப்பா காலிதீன்


மருதமுனை
15.06.2008

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

முழங்காலுக்குச் சுடுமணல் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி உம்மா சொல்லுறா. மணலுக்கு உங்கள் பக்கம் பஞ்சம் இல்லைத்தானே.

சனிக்கிழமை போவது இங்கிலிஷ் கிளாஸுக்கு. என்னோடு மாமாவின் மகள் வருகிறாள். சேருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், பல்லுச் செட் கழன்று விழாமல் பாடம் நடத்துவதே அவருக்குப் பெரும்பாடு. கம்பஸ் போனால் எல்லாம் இங்கிலிஷில்தான் என்று முன்னே போனவர்கள் சொல்லுகிறார்கள். அதற்காகத்தான் இப்போதே போகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து போன முறை பெண்பிள்ளைகளும் கம்பஸுக்கு எடுபட்டார்கள் வாப்பா. ஒலுவில் பல்கலைக்கழகம் என்றால் காலையில் பஸ் ஏறி பின்னேரம் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம்.

வீட்டு வேலை நின்றுதான் கிடக்கிறது. ஓடு இன்னும் வரவில்லை, வழியெல்லாம் செக்பொயின்ற். போன மாதம் ரோட்டில் பிரச்சினை. நம் ஆட்கள் தமிழ்ப் பக்கம் போகப் பயம், அவர்கள் நம் பக்கம் வரப் பயம். அழகரெத்தினம் மேசனைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவரும் பிள்ளை குட்டிக்காரர். நிலைமை சரியானால் முகட்டைப் பார்க்கலாம். அதற்கு ஏன் இவ்வளவு அவசரம்?

அன்பு மறவா மகள்,
ஸம்றா


தோஹா
12.06.2009

அன்பு மகள் ஸம்றாவுக்கு ஸலாம்.

சண்டை முடிந்துவிட்டது என்று டீவியில் காட்டினார்கள். அல்ஹம்துலில்லாஹ். இனிமேல் செக்பொயின்ற் என்றும் ரோட்டில் பிரச்சினை என்றும் எனக்கு ஒருவரும் கதை சொல்ல ஏலாது.

நிந்தவூர்ப் பொடியன் லீவில் வந்து, நான் கொடுத்த பால்மா டின்களை உங்களிடம் தந்துவிட்டுப் போனான் அல்லவா? திரும்பி வந்து என்ன சொன்னான் தெரியுமா? உங்களிடம் வருகிற வழியில் நம் வளவை எட்டிப் பார்த்திருக்கிறான். சுவர் முழுதாக நிற்கிறதாம். ஓடும் மரமும் படங்குத் துணியால் மூடி அடுக்கிக் கிடக்கிறதாம். ஓட்டில் பாசி பிடித்திருக்கிறதாம் மகள், பாசி! நேற்று வந்த ஓட்டில் பாசி பிடிக்குமா?

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உன் மாமாவும் மேசனும் ஒரு கை. ஓடு வந்ததை உன்னிடம் மறைத்திருக்கிறார்கள். மெல்ல மெல்ல விற்றுத் தின்னப் பார்க்கிறார்கள். மேசன் அக்கரைப்பற்றில் எவன் எவனுக்கோ வீடு கட்டுகிறாராம். என் வீடு மட்டும் வானம் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

இத்தோடு பள்ளிவாசல் தலைவருக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பேரையும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சபையில் நிறுத்தி விசாரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். நீயே கொண்டுபோய்த் தலைவரின் கையில் கொடு. மாமாவுக்கோ உம்மாவுக்கோ மூச்சு விடாதே. அந்த ஊரில் நான் நம்புகிற ஆள் நீ ஒருத்திதான்.

ஆகஸ்டில் பரீட்சை என்றாய். முன்னுக்கு முகடு ஏறிவிட்டால் நீ அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

உன்னையே நம்பியிருக்கும்,
வாப்பா காலிதீன்


மருதமுனை
02.07.2009

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

நீங்கள் ஒட்டித் தந்த கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டு கேட் வரைக்கும் போனேன். அங்கே மதில் பூசிக்கொண்டு நின்றது வேறு யாருமில்லை, அழகரெத்தினம் மேசன். என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு, “என்ன மகள், வாப்பா எப்ப வாறாராம்? முகட்டு மரத்தை இடைக்கிடை போய்ப் பாத்து எண்ணெய் பூசிட்டுத்தான் வாறன். இந்த மாரிக்கும் ஏத்தாட்டி மரம் என்னைத் திட்டும்” என்றார். கடிதத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அந்த மனிதரைச் சபையில் நிறுத்த என் கையாலேயே கடிதம் கொடுப்பதா?

ஒருவரும் ஒன்றையும் விற்கவில்லை வாப்பா. நீங்கள் அனுப்பிய காசுக்கு மாமா சாமானை அப்படியே வாங்கிப் போட்டார். ஓடு போன வருடமே வந்துவிட்டது. முகட்டை நிறுத்தியது நான்.

மாமாவிடமும் மேசனிடமும் உங்கள் பேரில் ஒரு கதை சொன்னேன். “ராத்தாட வீட்டு முகடு ஏறக்குள்ள வாப்பா இல்லாமப் போன கவலையாம். இந்த வீட்டு முகட்டைத் தானே முன்னுக்கு நிண்டு ஏத்தணுமாம். வரும் வரைக்கும் பொறுக்கட்டாம்” என்றேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மச்சான்ட ஆசை நியாயம்தான்” என்றார். அதன் பிறகு ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனில் கதைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்றுதான் போனில் வேண்டாம் என்று எழுதினேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். கடற்கரை வளவில் முகடு ஏறிய கிழமையே ராத்தாவைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினீர்கள். சாதாரண தரம் எழுத ஒரு தவணைதான் மிச்சம் இருந்தது. அவளுடைய வெள்ளைச் சீருடையைச் சின்னதாக்கி எனக்குத் தைத்துத் தந்தார்கள். ராத்தா பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, “நீயாவது இதைக் கிழியும் மட்டும் போடு” என்றாள். பிறகு அந்த வீட்டோடு அவளையும் கடல் கொண்டுபோனது. உங்களில் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த வாப்பாவும் தெரிந்து செய்வதில்லை. ஆனால் முகடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த வெள்ளைச் சீருடைதான் நினைவுக்கு வருகிறது.

பரீட்சை அனுமதி அட்டை வந்துவிட்டது. எண்பது வீத வரவும் காணும். நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னாலும் போவேன் என்றுதான் இந்த நேரம் மனம் சொல்லுகிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

உங்கள் மன்னிப்பைக் கேட்டு,
மகள் ஸம்றா


தோஹா
24.07.2009

ஸம்றா,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நீ அங்கே, வாப்பா வந்தால்தான் முகடு ஏறும் என்று சொல்லியிருக்கிறாய். நான் இங்கே, முகடு ஏறினால்தான் ஊருக்குப் போவேன் என்று இருந்திருக்கிறேன். போன வருடம் ஏப்ரலில் என் ஒப்பந்தம் முடிந்தது. பெட்டியும் வாங்கி வைத்திருந்தேன். மண் இல்லை, மழை என்று நீ எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். உங்களுக்குச் சொன்னால் உம்மா அழுவா என்று சொல்லவில்லை. பாஸ்போர்ட் கம்பனியின் கையில் இருக்கிறது. வருகிற ஏப்ரலுக்கு முன் என்னால் அசைய ஏலாது.

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். மேசன், மச்சான், கல்முனைச் சேர் என்று பாக்கியே வைக்கவில்லை. என் சந்தேகத்தை வைத்தே நீ என்னைக் கட்டிப்போட்டிருக்கிறாய். கெட்டிக்காரிதான். எனக்கு அது பெருமையாக இல்லை.

கேட்டிருந்தால் தந்திருப்பேனே மகள் என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். அது பொய். நீ கேட்டிருந்தால் நான் தந்திருக்க மாட்டேன். உன் ராத்தா கேட்டாள், தரவில்லை. அவள் கேட்டது உனக்குத் தெரியாது.

மச்சானுடன் போனில் கதைத்தேன். “எனக்கு லீவு கிடைக்கல்ல மச்சான், நான் இல்லாமலே முகட்டை ஏத்துங்க” என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாரிக்கு முன்னுக்கு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மரம் பழுதாகிவிடும். இரண்டாவது பிள்ளையின் முகட்டுக்கும் நான் இல்லை. என் இடத்தில் நீ நில்.

பரீட்சைக்குப் போ. கம்பஸ் கிடைத்தால் அங்கேயும் போ. கலியாணக் கதையை நான் வந்த பிறகு பார்ப்போம். நிந்தவூர்ப் பொடியனிடம் நான் ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை.

ஆனால் இனிமேல் உன் எழுத்தை நான் நம்ப மாட்டேன். முகடு ஏறிவிட்டது என்று நீ எழுதினால் எனக்கு அது ஏறியதாகாது. அத்தாட்சி அனுப்பு.

காலிதீன்


மருதமுனை
06.10.2009

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

போன கடிதத்தின் கீழே வாப்பா என்று நீங்கள் எழுதவில்லை. பரீட்சை மண்டபத்திலும் எனக்கு அதுதான் நினைவு. அரசறிவியலில் ஒரு கேள்வியை வாசித்துக்கொண்டே அழுதுவிட்டேன். மேற்பார்வைக்கு வந்த ரீச்சர் கேள்வி கஷ்டமாக்கும் என்று நினைத்துத் தண்ணீர் தந்தா. எல்லாப் பாடமும் எழுதிவிட்டேன். புவியியல் நல்லாகச் செய்திருக்கிறேன். ரிசல்ட் வரும்போது பள்ளிக்கூடத்தில் சீல் அடித்து வாங்கி அனுப்புகிறேன், என் வாயை நம்ப வேண்டாம்.

பெருநாள் முடிந்த கையோடு முகடு ஏறியது. துஆ ஓதி எல்லோருக்கும் பாற்சோறு கொடுத்தோம். “பொம்புளப் புள்ள முன்னுக்கு நிக்கிறதா?” என்று பெரியவர் ஒருவர் முகத்தைச் சுழித்தார். “அது மச்சான்ட ஓடர்” என்று மாமா சொல்லிவிட்டார். அழகரெத்தினம் மேசன் முகட்டு வளை மரத்தில் கட்டிய கயிற்றின் நுனியை என் கையில் தந்து, “வாப்பாட இடத்தில நிண்டா சும்மா பாத்துக்கிட்டு நிக்கேலா மகள், இழுங்க” என்றார். இழுத்தேன். மரம் எண்ணெய் வாசத்தோடு மேலே போனது. உம்மா வேலியோரம் நின்று ராத்தாவின் பேரைச் சொல்லி அழுதா. நானும் அழுதேன். ராத்தா கேட்டாள் என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் உம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது ஓடு முழுக்கப் போட்டாகிவிட்டது. நீங்கள் கையெழுத்து வைத்ததை அறிந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்கதவையும் போட்டுத் தரச் சொல்லி மேசனின் காலைச் சுற்றினேன். நேற்றுக் கதவும் பூட்டும் போட்டாயிற்று. அந்த வீட்டில் இனி ஒரு குறையும் இல்லை. அடுத்த கையெழுத்துக் கேட்டு அவர்கள் வந்தால், வைக்க உங்களுக்கு ஒரு காரணமும் மிச்சம் இருக்கக் கூடாது.

அத்தாட்சி கேட்டீர்கள். படம் அனுப்பினால் வேறு யாருடைய வீடோ என்பீர்கள். மாமாவை எழுதச் சொன்னால் அவரையும் நான் மயக்கிவிட்டேன் என்பீர்கள். ஆகவே முன்கதவுச் சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பூட்டோடு வந்தது இரண்டு சாவி. இரண்டும் இந்த உறைக்குள் இருக்கிறது.

இரண்டையும் ஏன் அனுப்பினாள், இதிலும் ஏதோ களவு இருக்கிறது என்று இந்த நேரம் யோசிப்பீர்கள். ஓம் வாப்பா, இருக்கிறது. சாவி உங்கள் கையில் இருக்கும் வரைக்கும் அந்த வீட்டில் என்னை ஒருவரும் குடிவைக்க ஏலாது. நீங்கள் வந்துதான் திறக்க வேண்டும்.

ஏப்ரலில் வாங்க. வந்து வீட்டைத் திறங்க. கதைக்க வேண்டியதை எல்லாம் உள்ளுக்கு இருந்து கதைப்போம்.

உங்கள் மகள்,
ஸம்றா